சென்னையில் எஃகுக் கட்டடம்: பக்கவாட்டு விசைக்கு எதை நம்புவது?

எஃகுச் சட்டகக் கட்டடத்தில் மேலிருந்து இறங்கும் எடையைத் தூணும் உத்திரமும் பேசாமல் சுமந்துவிடும். பக்கத்திலிருந்து தள்ளும் காற்றையும் அடியிலிருந்து உலுக்கும் நிலநடுக்கத்தையும் யார் தாங்குவது என்பதில்தான் வாதம் தொடங்கும். நம் ஊரில் அந்த வாதம் பெரும்பாலும் தவறான முனையில் தொடங்குகிறது என்பது என் கருத்து.

நிலநடுக்க விதிநூலான ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பில் சென்னை மூன்றாம் மண்டலம், மண்டல எண் 0.16. காற்று விதியான ஐ.எஸ். 875-இல் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர். டெல்லிக்கு 47, மும்பைக்கு 44, பெங்களூருக்கு 33. நிலநடுக்கத்தில் நடுத்தரம், காற்றில் கடுமை என்பதே நம் நிலை. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலில் எழுந்த அதிர்வு இங்கேயும் உணரப்பட்டது. ஆனால் இந்த நகரத்து மரங்களை வேரோடு சாய்த்தது 2016 டிசம்பர் 12-இல் வந்த வர்தா புயல்.

போட்டியில் இருப்பவை நான்கு. உத்திரமும் தூணும் சேரும் மூட்டை விறைப்பாக்கி, அந்த விறைப்பால் நிற்பது மொமென்ட் பிரேம். மூலைவிட்டமாக எஃகு கொடுத்து முக்கோணமாக்குவது பிரேசிங். அதே மூலைவிட்டத்தை மூட்டிலிருந்து சற்றுத் தள்ளி உத்திரத்தில் சேர்த்தால் விலகு பிரேசிங். நான்காவது, மாடிப்படியையும் லிஃப்டையும் சுற்றி எழும் கான்கிரீட் சுவர்.

விதிநூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறைப்பு எண் தருகிறது. சாதாரண மொமென்ட் பிரேமுக்கு 3, முறியாமல் நெகிழ்ந்து கொடுக்கும்படி நுணுக்கமாக அமைக்கும் சிறப்பு வகைக்கு 5; சாதாரண பிரேசிங்குக்கு 4, சிறப்பு வகைக்கு 4.5, விலகு பிரேசிங்குக்கு 5. நிலநடுக்க விசையை இந்த எண்ணால் வகுக்க வேண்டும். பெரிய எண் என்றால் சிறிய விசை. ஆகவே பலரும் 5-ஐப் பார்த்ததும் சிறப்பு மொமென்ட் பிரேமைப் பிடித்துக்கொள்கிறார்கள். காற்றை இந்த எண்ணால் வகுக்க முடியாது என்பது கணக்கு பாதி முடிந்த பிறகுதான் உறைக்கிறது.

40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 30 மீட்டர் உயரம், எட்டு மாடி, நடுத்தர மண் என்று ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். மொத்த எடை ஏறக்குறைய 3,800 டன். மொமென்ட் பிரேமின் அலைவு நேரம், அதாவது ஒருமுறை ஆடித் திரும்ப எடுக்கும் நேரம், 1.1 நொடி அளவில் வரும். 5 என்ற எண்ணோடு நிலநடுக்க விசை எடையில் இரண்டு விழுக்காடு, அதாவது 76 டன். எண்ணை 3 ஆக்கினாலும் 128 டன்னைத் தாண்டவில்லை. நீள முகத்தில் மோதும் காற்றோ ஏறத்தாழ 150 டன். கையால் போட்ட தோராயக் கணக்குதான். ஆனாலும் அந்தத் திசையில் காற்றே ஆளுகிறது என்பதற்கு இது போதும். விலை கொடுத்து வாங்கிய 5 அங்கே வேலையே செய்யவில்லை.

அதற்குமேல் அசைவு. கண்ணாடி முகப்பு வைத்த கட்டடத்தில் காற்றுக்கான பக்கவாட்டு நகர்வு உயரத்தில் 500-இல் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும். மேல் தளத்தில் 60 மில்லிமீட்டர், ஒரு மாடிக்கு ஏழரை மில்லிமீட்டர். மொமென்ட் பிரேம் இயல்பிலேயே வளைந்து கொடுப்பது. அதை இந்த அளவுக்குள் அடக்கத் தூணையும் உத்திரத்தையும் பருமனாக்கிக்கொண்டே போக வேண்டும். வலிமைக்குத் தேவைப்படாத எஃகு, விறைப்புக்காக மட்டும் டன் கணக்கில் ஏறும்.

பிரேசிங்கிலும் கெடுபிடி உண்டு. கட்டடம் விறைப்பாவதால் அலைவு நேரம் 0.6 நொடிக்குக் குறைந்து, சாதாரண வகையின் 4 என்ற எண்ணோடு நிலநடுக்க விசை 170 டன்னை நெருங்கும். நீளவாக்கில் இன்னும் கூடும். அங்கே காற்று வாங்கும் முகம் பாதிதான் என்பதால் நிலநடுக்கமே முந்தும். ஆனாலும் அந்த விசையைச் சுமக்க மெலிந்த மூலைவிட்டங்களே போதும். நகர்வுக் கணக்கும் எளிதில் அடங்கும்.

பணியிடத்தைப் பார்த்தால் என் சாய்வு இன்னும் கூடுகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கட்டடத்தில் மொமென்ட் மூட்டுகளை உயரத்திலேயே பற்றவைத்தோம். நவம்பர் மழை. ஈரம் ஏறாமல் சூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டிய பற்றவைப்பு எலெக்ட்ரோடுகளை வெளியே அடுக்கியிருந்தார்கள். அல்ட்ராசோனிக் சோதனையில் உத்திரத்தின் கீழ் விளிம்புப் பற்றவைப்புகள் வரிசையாகத் தோற்றன. கௌஜ் செய்து, அதாவது பழுதைச் சுரண்டி எடுத்து, திரும்பப் போட்டோம். மூன்று வாரம் போயிற்று. 1994 ஜனவரி 17-இல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் விரிசல் கண்ட மூட்டுகளிலும் பெரும்பாலானவை இதே கீழ் விளிம்பில்தான் பிளந்தன. கட்டடங்கள் நின்றன, முகப்பைப் பிரித்துப் பார்த்தபோதுதான் காயம் தெரிந்தது. பிரேசிங்கில் பற்றவைப்பு பட்டறையிலேயே முடிந்துவிடும். மேலே போல்ட் முறுக்கும் வேலை மட்டுமே மிஞ்சும்.

மூலைவிட்டத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் குசெட் தகட்டை மட்டும் அசட்டையாக விடக்கூடாது. அழுத்தத்தில் மூலைவிட்டம் வளையும்போது தகடும் மடிய வேண்டும். அதற்காக மூலைவிட்டத்தின் நுனிக்கும் மடிப்புக் கோட்டுக்கும் நடுவே தகட்டின் தடிமனைப் போல் இரு மடங்கு இடம் விடுவார்கள். 16 மில்லிமீட்டர் தகட்டுக்கு 32 மில்லிமீட்டர்; இரண்டு விரல் அகலம். 'தகடு வீணாகிறதே' என்று பட்டறையில் அதைச் சுருக்கினால் சிறப்பு பிரேசிங் என்ற பெயர் மட்டுமே மிஞ்சும். தலைகீழ் வி வடிவத்தில் ஒரு கால் வளைந்ததும் மறுகால் உத்திரத்தைக் கீழே இழுக்கும்; அந்த இழுப்புக்கும் உத்திரத்தைக் கணக்கிட வேண்டும். தூணின் நடுவில் குத்தும் கே வடிவத்தை நிலநடுக்கச் சட்டகத்தில் எஃகுக் கட்டுமான விதிநூலான ஐ.எஸ். 800 அனுமதிப்பதே இல்லை.

கட்டடக் கலைஞரின் மறுப்பு நியாயமானது: பிரேசிங் வாசலை அடைக்கும், கீழ்த்தள வாகன நிறுத்தத்தை மறிக்கும். கதவு வைக்க வேண்டிய கட்டங்களில் மட்டும் விலகு பிரேசிங்கைப் பரிந்துரைப்பேன். மூலைவிட்டங்களுக்கு இடையே உத்திரத்தில் மிஞ்சும் சிறு துண்டு நெகிழ்ந்து ஆற்றலை உறிஞ்சும். அருமையான ஏற்பாடுதான், ஆனால் அந்தத் துண்டின் விறைப்புத் தகடுகள் இம்மி பிசகாமல் அமைய வேண்டும். வரைபடத்தில் தனித் தாளே கேட்கும்.

கான்கிரீட் சுவரை நம் மேஸ்திரிகள் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவார்கள். ஆனால் எஃகு எழும் வேகத்துக்கு அது ஈடுகொடுப்பதில்லை. சுவரில் பதிக்கும் தகடு 20 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் உத்திரம் சேராது. பள்ளிக்கரணைப் பக்கத்துச் சேற்று மண்ணில் அதன் எடைக்கு அடித்தூண்களும் கூடும். 15 மாடியைத் தாண்டினால் இதையும் சேர்த்து எடைபோடுவேன்.

மேலே சொன்ன எட்டு மாடி என் மேசைக்கு வந்தால், மாடிப்படிக்கும் லிஃப்டுக்கும் பக்கத்துக் கட்டங்களில் இரு திசையிலும் சிறப்பு பிரேசிங் போடுவேன். சாதாரண வகையே போதாதா என்று சிலர் கேட்கலாம். ஆனால் அந்த இரண்டு விரல் தகட்டுக்கு ஆகும் செலவு எந்த மதிப்பீட்டிலும் கண்ணில் படாத தொகை.