மதுராந்தகத்துக்குப் பூ அனுப்பினேன்

"மேடம், மேப்புல பாத்தா ஏரிக்குள்ள காட்டுது" என்றார் பூங்கொத்து கொண்டுபோன தம்பி. அப்போது மாலை 5.40. காலை 11 மணியிலிருந்து அது நான்காவது அழைப்பு. நான் தாம்பரத்தில் மகன் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் மதுராந்தகம் ஏரிக்கரையில் பைக்கை நிறுத்திவிட்டு நிற்கிறார். அங்கிருந்து அத்தை வீடு ஐந்து நிமிட நடை. அந்த ஐந்து நிமிடத்துக்கு வழி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நெதர்லாந்திலிருந்து பன்னிரண்டு நாள் லீவில் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டு வந்தேன். விமானம், ஆதார் திருத்தம், தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம் எல்லாம் நல்லபடியாக நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இந்தப் பூ விஷயம்தான் ஊர் திரும்பியும் மனதை விட்டுப் போகவில்லை.

அத்தை தைப்பூசத்தன்று பிறந்தவர். இங்கிலீஷ் தேதி வீட்டில் யாருக்கும் தெரியாது, பூசம் என்றால் அத்தை பிறந்தநாள், அவ்வளவுதான். 2025இல் பூசம் பிப்ரவரி 11 அன்று வந்தது. அத்தைக்கு அன்று எண்பது நிறைந்தது. எல்லோருமாக மதுராந்தகம் போவதாகத்தான் இருந்தோம். முந்தின நாள் ராத்திரி மகனுக்குக் காய்ச்சல் 102. சரி, மூன்று நாள் கழித்துப் போகலாம், ஆனால் பிறந்தநாளன்று அத்தை கையில் என் பேரில் ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்று தோன்றியது. பூ என்று உடனே தோன்றியதற்குக் காரணம் நான் இருக்கும் ஊர்.

பதினாறு வருஷமாக நெதர்லாந்தில், ஆம்ஸ்டல்வேனில் இருக்கிறோம். பக்கத்து ஊர் ஆல்ஸ்மேர். அதுவும் ஏரிக்கரை ஊர்தான். உலகத்துப் பூ வியாபாரத்தில் பெரும் பங்கு நடக்கும் ஏலக்கூடம் அங்கேதான் இருக்கிறது. விடியற்காலையில் போனால் கென்யாவிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் வந்த ரோஜாக்கள் வண்டி வண்டியாக ஓடிக்கொண்டிருப்பதை மேலிருந்து பார்க்கலாம். ஏலம் நம் ஊர் மாதிரி ஏறாது. கடிகாரத்தில் விலை மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும், முதலில் பொத்தானை அழுத்துகிறவருக்குப் பூ. பிறந்தநாளா, வீடு மாறினார்களா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார்களா, அங்கே எல்லாவற்றுக்கும் பூங்கொத்துதான். போனில் சொன்னால் மதியத்துக்குள் போய்விடும். எங்கள் தெருமுனைப் பூக்கடைக்காரர் வாழ்த்து அட்டையை நீட்டி, பேனாவையும் கையில் கொடுத்து, "உங்கள் மொழியிலேயே எழுதுங்கள்" என்பார். தமிழ்த் தோழிகளுக்கு நான் அப்படித்தான் அனுப்புகிறேன். அந்தப் பழக்கத்தில், மதுராந்தகத்துக்கும் அனுப்பிவிடலாம் என்று நம்பினேன்.

ஆன்லைனில் தேடினால் நிறைய கடைகள் வந்தன. காதலர் தினத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது, எங்கே பார்த்தாலும் இதயம். பொறுமையாகத் தேடி மஞ்சள் ஜெர்பராவும் வெள்ளை கார்னேஷனும் வைத்த ஒரு கூடையைத் தேர்ந்தெடுத்தேன். 1,850 ரூபாய், "குறித்த நேரத்தில் டெலிவரி" என்று தனியாக 299. அட்டையில் தமிழிலேயே டைப் அடித்தேன். அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். பணம் கட்ட என் டச்சு கார்டு மூன்று தடவை மறுக்கப்பட்டு, தங்கை கணவர் கார்டில் கட்டினேன். காலை 10 முதல் 12 மணிக்குள் வரும் என்று மெசேஜ் வந்தது.

11 மணிக்கு அந்தத் தம்பி செங்கல்பட்டிலிருந்து கிளம்பவே இல்லை. 2 மணிக்கு ஜிஎஸ்டி ரோட்டில் சிக்கியிருந்தார். பூசம் என்றால் மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை பக்தர்களின் பஸ்கள் எவ்வளவு போகும் என்பது அந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குப் போய் நேரம் குறித்து 299 ரூபாய் வாங்கியது கடைக்காரர்கள் தப்பு, வண்டி ஓட்டிய பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை என்றார். 4 மணி அழைப்பில் ஊருக்குள் வந்துவிட்டார். 5.40க்கு ஏரிக்குள் காட்டுகிறது என்கிறார்.

நான் சொன்ன அடையாளம் எதுவும் இப்போது இல்லை. டூரிங் கொட்டகை இருந்த இடம் என்றேன், அங்கே கல்யாண மண்டபம். புளியமரத்துச் சந்து என்றேன், மரம் போய்விட்டது. நான் லீவுக்கெல்லாம் போய் வளர்ந்த ஊர். அந்தக் கரைமேல் ஓடியிருக்கிறேன், கலங்கலில் தண்ணீர் வழிவதைப் பார்க்க மாமா தோளில் உட்கார்ந்து போயிருக்கிறேன். கும்பினி காலத்தில் பெருமழையில் கரை உடையும் என்று பயந்த கலெக்டர் பிளேஸ் துரைக்கு, ராமரும் லட்சுமணரும் வில்லோடு நின்று கரையைக் காப்பது தெரிந்தது என்று அத்தை சொல்லிக் கேட்டுத்தான் தூங்குவோம். அங்கே ராமர் கோயிலின் தாயார் சன்னிதியில் அந்தத் துரையின் பேரை இன்றைக்கும் கல்லில் பார்க்கலாம். இத்தனையும் தெரிந்த எனக்கு, இன்றைய ஊரில் ஒரு திருப்பம் சொல்லத் தெரியவில்லை. கடைசியில், "ஏரிகாத்த ராமர் கோயில் வாசலுக்குப் போங்க தம்பி, பூக்கடையில கேளுங்க" என்றேன். பத்து நிமிடத்தில் டெலிவரி ஆனதாக மெசேஜ் வந்தது.

எதிர்வீட்டுப் பெண் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினாள். பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜெர்பரா இல்லை, கார்னேஷன் இல்லை. இதய வடிவத்தில் சிவப்பு ரோஜா, மேலெல்லாம் மினுமினுப்புத் தூள். நாள் முழுக்க வெயிலில் வந்ததில் பாதி தலை தொங்கிவிட்டது. அட்டையில் என் தமிழ் ஒரு எழுத்துகூட வரவில்லை. வரிசையாகக் காலிக் கட்டங்கள், கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி. எண்பது வயதுப் பெரியவர், மாமா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் கையில் இப்படி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோமே என்று பதறிப்போனேன்.

அத்தை போனில் என்னைத்தான் சமாதானப்படுத்தினார். "பூவு கண்ணுக்கு அழகாத்தான்டி இருக்கு. சாமிக்கு ரெண்டு கிள்ளி வெக்கலாம்னு பாத்தேன், பசை மாதிரி தூளு ஒட்டிக்கிட்டு வருது. பரவால்ல, டிவி மேல வெச்சிருக்கேன்." அடியில் இருக்கும் பச்சை ஸ்பாஞ்சுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நான் சொன்னேன். "வாசனையே இல்லியேடி" என்றார், அதை மட்டும் கொஞ்சம் வருத்தமாக.

கடைக்குப் போன் போட்டேன். இருபது நிமிடம் பாட்டு கேட்கவிட்டு, அந்த ஊரில் அன்றைக்குக் கிடைத்த பூவைத்தான் அனுப்பினோம், அடுத்த ஆர்டருக்குக் கூப்பன் தருகிறோம் என்றார்கள். மதுராந்தகத்தில் அன்றைக்குக் கிடைத்த பூ! ராமானுஜருக்கு அவர் குரு பெரிய நம்பிகள் பஞ்ச சம்ஸ்காரம் என்ற வைணவ தீட்சை செய்துவைத்தது அந்தக் கோயில் மகிழமரத்தடியில். சின்ன வயதில் உதிர்ந்த மகிழம்பூவைப் பொறுக்கி நூலில் கோர்த்துப் புத்தகத்துக்குள் வைப்போம், காய்ந்தும் வருஷக்கணக்கில் மணக்கும். அந்த ஊரில் பூ இல்லை என்று யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு எனக்குச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் எதிர்வீட்டுப் பெண், "அக்கா, நம்ம பூக்காரம்மாகிட்ட சொல்லிருந்தா காலைலயே குடுத்திருப்பாங்களே" என்று ஒரு நம்பர் அனுப்பினாள். மணி 6.20. கூப்பிட்டேன். நான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள், "ஒரு புள்ள பொக்கே வெச்சிக்கினு வழி கேட்டுச்சு, நாந்தான் உங்க அத்த வீட்ட காமிச்சேன். நீதான் அனுப்பிச்சியா கண்ணு?" என்றார். பூசம் என்பதால் மல்லி முழம் 80 ரூபாய் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தை மாசப் பனியில் அரும்பு குறைவு, அதோடு விசேஷ நாள், விலை அப்படித்தான் இருக்கும்.

என்ன அனுப்ப வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. அத்தை பூ வைத்துக்கொள்வதில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, மாமா போனதும் அவரே விட்டுவிட்டார். நான் தயங்கினதைப் பூக்காரம்மா புரிந்துகொண்டார். "சாமிக்குத் துளசி மாலை ஒண்ணு, சம்பங்கி கொஞ்சம். மல்லி ரெண்டு முழம் தரேன். தலைல வெக்க மாட்டாங்க, எனக்குத் தெரியும். ராவுல ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்தி, தலகாணிகிட்ட வெச்சிப்பாங்க. அதுக்குன்னு என்னாண்ட அரும்பா கேட்டு வாங்குவாங்க." அத்தை பக்கத்தில் எத்தனையோ நாள் படுத்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது.

பணம் அனுப்பப் பார்த்தேன். என் நெதர்லாந்து நம்பரில் ஜிபே ஓடவில்லை, தங்கை வீட்டில் யாரும் இல்லை. "காசு எங்க போவுது? வரும்போது குடு, எழுதிக்கறேன்" என்றார். முகம் பார்த்திராத ஒருத்திக்கு 330 ரூபாய் கடன். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் பூக்காரம்மா பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போவார், மாதக் கடைசியில் கோடுகளை எண்ணி அம்மா பணம் கொடுப்பார். அது இன்னும் நடக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. 7 மணிக்கு அத்தை மறுபடி போன் செய்தார். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது.

நெதர்லாந்துப் பூ ஒரு வாரம் தாங்கும், நம் மல்லி ராத்திரி மலர்ந்து காலையில் வாடிவிடும். வருஷக்கணக்காக அங்கேதான் ஒசத்தி என்று நானே பேசியிருக்கிறேன். ஒரே நாளில் வாடுகிற பூவை விற்க, யார் வீட்டில் எத்தனை முழம், எதற்கு, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு எந்த ஏலக்கூடத்துக் கடிகாரத்திலும் ஓடாது.

14ஆம் தேதி போனேன். முதலில் கோயில் வாசலுக்குத்தான். பூக்காரம்மாவிடம் 500 ரூபாய் கொடுத்து மீதி வேண்டாம் என்றேன், கேட்கவில்லை, 170 ரூபாயையும் எண்ணிக் கொடுத்தார். கொசுறாக அரை முழம் கனகாம்பரம் கிள்ளி என் தலையில் அவரே வைத்துவிட்டார்.

அத்தை வீட்டில் டிவி மேல் அந்தச் சிவப்பு இதயம் அப்படியே இருந்தது. கறுத்துப்போயிருந்தது, இருந்தும் தூக்கிப்போட மனசு வரவில்லையாம், நான் அனுப்பியதாயிற்றே. தலையணைப் பக்கம் டம்ளரில் காய்ந்த மல்லி. அத்தை பீரோவைத் திறந்து அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். "இந்தக் கட்டத்துல எல்லாம் என்னடி எழுதியிருந்த?" என்று கேட்டார். பையிலிருந்து பேனாவை எடுத்து, கட்டங்களுக்குக் கீழே எழுதிக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.