ரிச்மண்ட்ல மேகி வாக்கர் வீடு: வர்ஜீனியா பக்கம் போனா விட்டுடாதீங்க

ரிச்மண்ட்ல ஜாக்சன் வார்டுன்னு ஒரு ஏரியா. அங்க லீ ஸ்ட்ரீட்ல ஒரு செங்கல் வீடு, மேகி லீனா வாக்கர் கிட்டத்தட்ட 30 வருஷம் குடியிருந்த வீடு, இப்ப அமெரிக்க அரசோட நேஷனல் பார்க் சர்வீஸ் கையில இருக்கு. டிக்கெட் கிடையாது, டூரும் ஃப்ரீ தான். ரேஞ்சர் ஒருத்தர் கூடவே வந்து ரூம் ரூமா காட்டி சொல்லுவாங்க. வாஷிங்டன் டிசி-ல இருந்து 95 ஹைவே புடிச்சு தெற்க வந்தா ரெண்டு மணி நேர டிரைவ், ட்ராஃபிக் மாட்டுச்சுன்னா அவ்ளோதான். அப்டியும் போகலாமான்னு கேட்டா, போங்கன்னு தான் சொல்லுவேன், 5க்கு 5 தயங்காம குடுப்பேன்.

இவங்க யாருன்னு நம்ம ஆளுங்கள்ல நிறைய பேருக்கு தெரியாது. அமெரிக்காவுல பேங்க் ஆரம்பிச்சு அதுக்கு பிரசிடென்ட்டாவும் உக்காந்த முதல் கறுப்பின பெண். வருஷம் 1903. பெண்களுக்கு ஓட்டுரிமையே இல்லாத காலம், அதுலயும் தெற்கு மாநிலத்துல கறுப்பினத்தவங்க ட்ராம்ல எங்க உக்காரணும்னு கூட வெள்ளைக்காரங்க முடிவு பண்ணிட்டிருந்த காலம்.

நான் இத இவ்ளோ நீளமா எழுதறதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஆபீஸ்கள்ல வருஷா வருஷம் கறுப்பின பெண்கள், ஆசிய பெண்கள், லத்தீன் பெண்கள் பிசினஸ்ல ஜெயிச்ச கதைன்னு ஒரு செஷன் வைப்பாங்க, ஸ்லைடுல வரிசையா முகம் வரும், கீழ ஒரு வரி, முதல் இவங்க, முதல் அவங்க. இந்திரா நூயி 2006-ல இருந்து 2018 வரைக்கும் பெப்சிகோ சிஇஓ, உர்சுலா பர்ன்ஸ் 2009-ல ஜெராக்ஸ் சிஇஓ, ஃபார்ச்சூன் 500 (அமெரிக்காவோட பெரிய 500 கம்பெனி லிஸ்ட்) கம்பெனிய நடத்தின முதல் கறுப்பின பெண். எல்லாம் பெரிய விஷயம் தான், இந்திரா நூயி மெட்ராஸ்ல படிச்சவங்கன்னு நமக்கு கூடுதல் பெருமையும் உண்டு. ஆனா கஷ்டப்பட்டாங்க, உழைச்சாங்க, ஜெயிச்சாங்கன்னு மூணு வரியில முடிச்சிட்டா கேக்கறவங்களுக்கு கையில என்ன கெடைக்குது? எப்படி ஜெயிச்சாங்க, யார் காச வச்சு ஜெயிச்சாங்க, ஜெயிச்ச காசு யார் கைக்கு போச்சு, எதுல தோத்தாங்க, இதெல்லாம் தான எனக்கு வேணும். இந்த வீட்ல அது கெடைக்குது.

முதல்ல செகண்ட் ஸ்ட்ரீட்டும் லீ ஸ்ட்ரீட்டும் சேர்ற முனையில விசிட்டர் சென்டர் இருக்கு, அங்க போய்டுங்க. எக்ஸிபிட் பாத்துட்டு அப்புறம் வீட்டுக்குள்ள போனா தான் விஷயம் புரியும், அவசரப்பட்டு நேரா வீட்டுக்கு போனா பழைய சோபா பழைய மேஜைன்னு தான் தெரியும். கதை அவங்க அம்மாகிட்ட இருந்து தொடங்குது. அம்மா எலிசபெத் அடிமையா இருந்தவங்க, அப்புறம் வெள்ளைக்காரங்க வீட்டுத் துணிய வாங்கி துவைச்சு குடுத்து பிள்ளைங்கள வளத்தாங்க. மேகி சின்னப் பொண்ணா இருக்கும்போதே மாற்றாந்தந்தை ஆத்துல பொணமா கெடைச்சார், அதுக்கப்புறம் துணி மூட்டைய வீடு வீடா கொண்டு போய் சேக்கறதும் இந்தப் பொண்ணு வேலையா ஆச்சு. வெள்ளி ஸ்பூனோட நான் பொறக்கல, தலைல துணிக்கூடையோட பொறந்தவன்னு பின்னாடி அவங்களே ஒரு தடவ சொல்லியிருக்காங்க.

படிச்சு டீச்சர் ஆனாங்க, 1886-ல கல்யாணம் ஆச்சு, கல்யாணம் ஆன பொண்ணு டீச்சரா இருக்கக் கூடாதுன்னு அன்னிக்கு விதி, வேலை போச்சு. ஆனா 14 வயசுலயே செயின்ட் லூக் ஆர்டர்னு ஒரு சங்கத்துல சேந்திருந்தாங்க. உடம்பு முடியாதவங்களுக்கு உதவி, செத்தா அடக்கச் செலவு, இந்த மாதிரி கறுப்பின மக்கள் தங்களுக்குள்ள காசு போட்டு நடத்தின சங்கம் அது. 1899-ல அந்த சங்கத்த இவங்க கையில குடுத்தப்போ கஜானாவுல இருந்தது 31 டாலர் சொச்சம், கடன் 400 டாலர். அங்க இருந்து தான் ஆரம்பிக்குது எல்லாமே.

1901-ல சங்கக் கூட்டத்துல எழுந்து நின்னு நமக்குன்னு ஒரு பேங்க் வேணும், நம்ம காச நாமளே ஒண்ணா சேப்போம், நிக்கல் காச (5 சென்ட்) வாங்கி டாலரா மாத்தற பேங்க் வேணும்னு பேசறாங்க. பேசினதோட விடல, பேங்க் வேலை எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்க வேற ஒரு பேங்க்ல போய் பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டாங்க. 1903 நவம்பர்ல செயின்ட் லூக் பென்னி சேவிங்ஸ் பேங்க் தெறந்தாச்சு, முதல் நாளே 9,000 டாலருக்கு மேல டெபாசிட் வந்துச்சு. அதுல ஒருத்தர் போட்டது 31 சென்ட். 31 சென்ட்ங்க! அத வாங்கி கணக்கு எழுதி புக் குடுத்திருக்காங்க. பெரிய பேங்க் எதுவும் சீண்டாத துணி வெளுக்கறவங்க, வீட்டு வேலை செய்யறவங்க, புகையிலை ஃபேக்டரில வேலை பாத்தவங்க, இவங்க தான் கஸ்டமர். நம்ம ஊர் மகளிர் குழு தெரியும்ல, அந்த மாதிரி சில்லறையா சேக்கற புத்தி தான், ஆனா இது சர்க்கார்ல பதிவு பண்ணி லைசென்ஸ் வாங்கின முழு பேங்க். பிள்ளைங்க காசு சேக்கறதுக்கு குட்டி உண்டியலும் குடுத்திருக்காங்க. 1920 வாக்குல இந்த பேங்க் கடன் குடுத்து 600 குடும்பங்களுக்கு மேல சொந்த வீடு வாங்க வச்சிருக்கு. இத கேட்டப்போ எனக்கு நெஜமாவே சிலிர்த்துச்சு. அந்த ஊர்ல கறுப்பினப் பொண்ணுக்கு ஆபீஸ் வேலையே கெடைக்காத நேரத்துல பேங்க்லயும் சங்கத்து ஆபீஸ்லயும் பெரும்பாலும் பெண்களத் தான் வேலைக்கு வச்சிருக்காங்க, அப்ப இவங்க ஒருத்தி மட்டும் மேல ஏறின கதை இல்ல இது.

தோத்ததும் இருக்கு, எனக்கு இந்த டூர் புடிச்சதுக்கு முக்கிய காரணமே அது தான். 1905-ல ப்ராட் ஸ்ட்ரீட்ல எம்போரியம்னு ஒரு பெரிய கடை போட்டாங்க, கறுப்பினப் பெண்கள் சேல்ஸ்ல நிக்கற கடை, கஸ்டமருக்கும் மரியாதை கெடைக்கற கடை. வெள்ளைக்கார வியாபாரிங்க ஒண்ணு சேந்துட்டாங்க, இவங்களுக்கு சரக்கு குடுக்காதீங்கன்னு மொத்த வியாபாரிங்கள நெருக்கினாங்க. சில வருஷம் தாக்குப்பிடிச்சு கடைசில மூட வேண்டியதாப் போச்சு. கெட்டிக்காரத்தனம், உழைப்பு, முதலீடு எல்லாம் இருந்தும் கடை போச்சு, ஏன்னா சப்ளை அடுத்தவன் கையில இருந்துச்சு. பிசினஸ் பண்ற எந்தப் பொண்ணுக்கும் 10 மோட்டிவேஷன் பேச்ச விட இந்த ஒரு கடை கதை உபயோகப்படும்னு நான் நினைக்கறேன். ரேஞ்சர்கிட்ட இதப் பத்தி தனியா கேளுங்க, கேட்டா விவரமா சொல்லுவாங்க.

வீட்டுக்கு வருவோம். வெளியில இருந்து பாத்தா தெரியாது, உள்ள 28 ரூம், குடும்பம் பெருசாக பெருசாக கட்டிக்கிட்டே போயிருக்காங்க, மகன்கள் மருமகள்கள் பேரப்பிள்ளைங்க அம்மா எல்லாரும் ஒரே கூரை. சாமான்ல பெரும்பாலானது அந்தக் குடும்பம் பயன்படுத்தினதே, 1979-ல குடும்பத்துக்கிட்ட இருந்து வீட்ட வாங்கினப்போ சாமானும் சேந்தே வந்துச்சு. லைப்ரரி ரூம்ல நின்னு பாருங்க, புக்கு ஒரு பக்கம், சுவத்துல கறுப்பினத் தலைவர்கள் படம் ஒரு பக்கம். கறுப்பினத்தவங்க எழுதப் படிக்கக் கத்துக்க ஒண்ணு கூடினா தண்டனைன்னு சட்டம் இருந்த ஊர்ல அடிமையா வாழ்ந்த பெண்ணோட மகள் வீட்டு லைப்ரரி இது.

என் கூட அக்கா பொண்ணும் வந்திருந்தா, 9வது படிக்கறா, பாதி மனசோட தான் கெளம்பினா. வீட்டுக்குப் பின்பக்கம் லிஃப்ட் இருக்குன்னதும் "சித்தி, நெஜமாவே அப்பவே லிஃப்ட்டா?" ன்னு போய் உத்து பாத்தா. கடைசி வருஷங்கள்ல மேகிக்கு கால் செயலிழந்து போச்சு, சக்கர நாற்காலி தான். வீட்ல லிஃப்ட் வச்சாங்க, கார்லயும் அதுக்கேத்த மாதிரி மாத்தி அமைச்சாங்க, வேலைக்கு போறத நிறுத்தல. உடம்பு முடியலன்னா ஒதுங்கிடணும்னு நினைக்காம, வீட்டையும் காரையும் தனக்கேத்த மாதிரி மாத்திக்கிட்டாங்க. "எங்க ஸ்கூல்ல ஏன் சித்தி இவங்கள சொல்லவே இல்ல?" ன்னு கேட்டா, எங்கிட்ட பதில் இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும், மனசு கனமாகற விஷயம் தான். 1915-ல மேகியோட மூத்த மகன், யாரோ திருடன்னு நினைச்சு இருட்டுல சுட்டதுல, மேகியோட கணவர் செத்துட்டார். மகன் மேல கொலை கேஸ், விடுதலை ஆனான். அந்த நேரத்துல சங்கத்துலயே சிலர் இவங்கள பதவிய விட்டு இறக்கப் பாத்திருக்காங்க. இறங்கல. வாசல் வழியா வெளிய வரும்போது இந்த வீட்லயா இவ்ளோ நடந்துச்சுன்னு தோணும்.

பேர் குழப்பம் வேணாம், மேடம் சி.ஜே. வாக்கர் வேற ஆள். அவங்க முடிக்கான எண்ணெய், க்ரீம் வித்து ஆயிரக்கணக்கான பெண்கள ஏஜென்ட்டா ஆக்கினவங்க, லூசியானாவுல 1867-ல பொறந்தவங்க, அவங்களும் துணி துவைச்சு தான் பொழைச்சாங்க. ரெண்டு பேரும் ஒரே காலம், சொந்தம் இல்ல. மேடம் வாக்கர் கதை தான் எல்லாருக்கும் தெரியுது, ஏன்னா கோடீஸ்வரி கதை சொல்றதுக்கு ஈசி, பேங்க் கதை சொல்ல கணக்கு தெரியணும். எனக்கு என்னவோ மேகி கதை தான் ஒரு படி மேல. 1929-ல மார்க்கெட் விழுந்து நாடு பூரா பேங்குகள் மூடினப்போ, இவங்க பேங்க் வேற ரெண்டு பேங்கோட சேந்து கன்சாலிடேட்டட் பேங்க் அண்ட் ட்ரஸ்ட்டுன்னு பேர மாத்தி தாக்குப்பிடிச்சிருச்சு, சேர்மனா மேகி இருந்தாங்க. 1934 டிசம்பர்ல தான் காலமானாங்க.

போறவங்களுக்கு கடைசியா சில விஷயம். டூர் எந்த நாள், எத்தனை மணின்னு பார்க் சர்வீஸ் சைட்ல பாத்துட்டு கெளம்புங்க, வீட்டுக்குள்ள ரேஞ்சர் இல்லாம போக முடியாது. ரொம்ப சின்னக் குழந்தைங்களுக்கு ஃபர்னிச்சர் பாக்கறது பொறுமைய சோதிக்கும், 10 வயசுக்கு மேலன்னா நல்லா கேப்பாங்க. டூர் முடிச்சு நடந்தே ப்ராட் ஸ்ட்ரீட்டும் ஆடம்ஸ் ஸ்ட்ரீட்டும் சேர்ற எடத்துக்கு வாங்க, 2017-ல வச்ச வெண்கலச் சிலை இருக்கு. வர்ற வழியில வடக்குப் பக்கம் ஹைவே சத்தம் கேக்கும், அது 1950கள்ல ஜாக்சன் வார்ட ரெண்டா வெட்டிப் போட்ட ரோடு. எத்தனையோ கறுப்பினக் குடும்பங்களோட வீடும் தெருவும் அந்த ரோட்டுக்காகப் போச்சுன்னு தெரிஞ்சு நடந்தீங்கன்னா அந்த ஏரியாவ வேற கண்ணோட பாப்பீங்க.