போர்தோ: இடது கரையா, வலது கரையா?

பிரான்ஸின் போர்தோ வட்டாரத்து வைனைப் பழக ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், ஆற்றின் எந்தக் கரை?

இடது கரையில் மெதோக் வட்டாரம். ஆறு கொண்டுவந்து குவித்த கூழாங்கல் நிலம். தண்ணீர் சட்டென்று வடியும், பகல் சூட்டைக் கல் பிடித்துவைக்கும். தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவிஞோன் திராட்சைக்கு இது தோது. இளம் வைனில் கடுக்காயைக் கடித்த மாதிரி துவர்ப்பு. வருடங்கள் போனால்தான் வழிக்கு வரும். வைன் பண்ணைகளுக்கு 1855-இல் போட்ட தரவரிசைதான் இன்றும் செல்லுபடி. அதன்பின் முதல் வரிசைக்கு ஏறியது முத்தோன் ரோத்ஷில்ட் பண்ணை மட்டுமே, 1973-இல். பண்ணை மாளிகைகள் பிரமாதம், முன்பதிவு இல்லையென்றால் பெரும்பாலும் வெளியில் நின்று படம் எடுப்பதோடு சரி.

வலது கரையில் சேன்ட் எமிலியோன் ஊர். களிமண், சுண்ணாம்புக்கல், மெர்லோ திராட்சை. வாயில் மெத்தென்று இறங்கும், புதியவருக்கும் பிடிபடும். இங்கே தரவரிசையைச் சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்துவார்கள். உடனே கோர்ட், கேஸ். 2006 பட்டியல் அப்படித்தான் கவிழ்ந்தது.

என் ஓட்டு வலது கரைக்கே. போர்தோவிலிருந்து ரயிலேறி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நடந்தே ஊருக்குள் போய்விடலாம். ஒரே பாறையைக் குடைந்த தேவாலயம் உண்டு. வெட்டியெடுத்த கல்லில் வீடுகள், வெட்டிய குகையில் வைன் பீப்பாய்கள்.