தாங்காமல் நிற்கும் நாடா: 5 மீற்றர் உருக்கு ரேப் ஒன்றின் மதிப்புரை

திருகோணமலை மத்திய வீதியிலுள்ள ஒரு ஹாட்வெயார் கடையில், 5 மீற்றர் நீளமும் 25 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட உருக்கு அளவுநாடா ஒன்றைச் சென்ற ஆவணியில் 1,150 ரூபாய்க்கு வாங்கினேன். மேசன்மாரும் ஓடாவிமாரும் இடுப்பில் கொழுவிக்கொண்டு திரியும் அதே ரேப்தான். ஆனால் நான் வாங்கியது சுவர் அளப்பதற்காக அல்ல. எங்கள் பாடசாலை மாணவர்கள் செய்துவரும் மாதிரிச் செய்மதியில், சிறு பெட்டிக்குள் சுருண்டு கிடந்து, உரிய நேரத்தில் வெளியே நீளும் கம்பமாக அது பயன்பட வேண்டியிருந்தது. ஆகவே, நாடா எவ்வளவு சரியாக அளக்கிறது என்பதற்கு முன்பாக, கையோ மேசையோ தாங்காமல் எவ்வளவு தூரம் நீண்டு நிற்கிறது என்பதையே இங்கே எடை போட்டிருக்கிறேன்.

இது விளையாட்டுக் கேள்வி அல்ல. ரொக்கெட்டின் தலைக்கூட்டுக்குள் இடம் எப்போதும் குறைவு. செய்மதிக்கோ நீண்ட அன்ரெனாவும், உடலின் காந்தத்திலிருந்து விலகி நிற்கும் காந்தமானியும், அகன்ற சூரியப் பலகைகளும் தேவை. கனடாவின் முதற் செய்மதியான அலுவெற் 1, 1962 செப்ரெம்பர் 29 அன்று ஏவப்பட்டபோது, அதன் நீண்ட அன்ரெனா ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 45.7 மீற்றர் நீண்டது. தட்டையாக உருளையில் சுற்றப்பட்ட உலோக நாடா, வெளியே தள்ளப்படத் தள்ளப்படத் தானாகவே குழாயாகச் சுருண்டு விறைப்படைந்ததே அதன் சூட்சுமம். கியூப்சற் எனப்படும் இன்றைய சிறு பெட்டி வடிவச் செய்மதிகள் பலவற்றில் அன்ரெனாவாக இருப்பது சாதாரண அளவுநாடாவிலிருந்து வெட்டிய துண்டேதான்.

கடையிலேயே பரிசோதனையைத் தொடங்கினேன். இலக்கங்கள் மேலே தெரியும்படி, அதாவது குழிந்த பக்கம் வானத்தைப் பார்க்க, நாடாவைக் கல்லாவுக்கு மேலாக மெல்ல நீட்டிக்கொண்டு போனால், 2 மீற்றர் 20 சென்ரிமீற்றர் வரை நுனி சற்றே தொங்கியபடி நிற்கிறது; அதற்கு மேல் இரண்டு விரல் நீட்டினால் எந்த முன்னறிவித்தலும் இன்றி ‘டக்’கென்று மடிந்து விழுகிறது. அருகிலிருந்த 19 மில்லிமீற்றர் நாடா 1 மீற்றர் 60 சென்ரிமீற்றரிலேயே விழுந்துவிட்டது. கடைக்காரர் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “சேர், அளக்கத்தானே கொண்டுபோறீங்கள், ஏன் தூண்டில் போடுற மாதிரி நீட்டிப் பாக்கிறீங்கள்?” என்று கேட்டார். அவருக்கு விளக்கம் சொல்வதற்குள் அடுத்த வாடிக்கையாளர் பீவீசி பைப் கேட்டு வந்துவிட்டார்.

அதே நாடாவைக் கவிழ்த்து, இலக்கங்கள் நிலத்தைப் பார்க்கப் பிடித்தபோது, அது ஏறத்தாழ ஒரு மீற்றரிலேயே பக்கவாட்டில் முறுகிச் சரிந்தது. குழிந்த பக்கம் மேலே இருக்கும்போது இரு விளிம்புகளும் இழுவிசையில் இருக்கின்றன. மெல்லிய விளிம்பு இழுவையைத் தாங்கும். கவிழ்த்தால் அதே விளிம்புகள் அமுக்கத்துக்கு உள்ளாகி நெளிகின்றன. வீட்டிலுள்ள எந்த ரேப்பிலும் ஒரு நிமிடத்தில் இதைப் பார்த்துவிடலாம். மடிந்த இடத்தையும் கவனியுங்கள்: மடிப்பின் வளைவு நாடாவின் குறுக்கு வளைவுக்கு ஏறத்தாழச் சமனாகவே அமையும். நான் வாங்கிய நாடாவின் மடிப்புக்குள் பத்து ரூபாய்க் குற்றி ஒன்று இலகுவாக உட்காருகிறது. அந்த மடிப்பை விரலால் தள்ளினால், நாடா முறியாமல், மடிப்பு மட்டும் அதன் நீளம் வழியே ஓடுகிறது. கீலும் இல்லை, விற்சுருளும் இல்லை, எண்ணெயும் இல்லை. வளையும் மூட்டும் நிமிர்த்தும் விசையும் ஒரே தகட்டுக்குள் இருக்கின்றன. இந்தப் பொருளின் உண்மையான பெறுமதி இதுதான் என்பேன்.

மாதிரிச் செய்மதிக்காக 50 சென்ரிமீற்றர் அளவில் நான்கு துண்டுகளைத் தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டினோம். 145 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு அதுவே கால் அலைநீளம். துண்டுகளைப் பெட்டியைச் சுற்றி மடித்துத் தங்கூசியால் கட்டி, முடிச்சின் கீழே, மின் பாய்ந்தால் சூடேறும் நைக்குரோம் கம்பியொன்றை வைத்து, பற்றறியால் அதைச் சூடாக்கித் தங்கூசியை உருக்கினோம். உண்மையான சிறு செய்மதிகளிலும் இதே முறை கையாளப்படுகிறது. முதல் தடவை தங்கூசி உருகி நாடாவிலேயே ஒட்டிக்கொண்டது. இரண்டாம் தடவை மூன்று துண்டுகள் விரிய, நான்காவது அடுத்ததன் விளிம்பில் சிக்கி நின்றது. மாணவர்களின் முகம் வாடியதைக் கண்டு ஜூஸ் விண்கலத்தின் கதையைச் சொன்னேன். வியாழனை நோக்கி 2023 ஏப்ரலில் புறப்பட்ட அந்த ஐரோப்பிய விண்கலத்தின் 16 மீற்றர் ராடார் அன்ரெனா, ஒரு சிறிய ஊசி இறுகியதால் விரியாமல் நின்று, மே 12 அன்று அதிர்வு கொடுக்கப்பட்ட பிறகே விடுபட்டது. விளிம்புகளை அரத்தால் உரசியதும், மூன்றாம் தடவை எங்கள் நான்கு துண்டுகளும் ஒரே அடியில் விரிந்தன. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

குறைகளுக்கு வருவோம். திறந்த வெட்டுமுகம் உடைய, அதாவது குழாய்போல முழுதாக மூடியிராத, எந்த நாடாவும் வளைவை எதிர்க்கும் அளவுக்கு முறுக்கத்தை எதிர்க்காது. டச்பே கடற்கரையில் ஒரு மீற்றர் நாடாவை நிமிர்த்திப் பிடித்தபோது, கச்சான் காற்றில் அது பனையோலைபோல இரு பக்கமும் முறுகி ஆடியது. விண்வெளியில் காற்று இல்லை. ஆனால் வெயில் இருக்கிறது. 1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் முதற் சூரியப் பலகைகளைத் தாங்கியவை இரட்டை நாடாக் கம்பங்கள். சுமார் 95 நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலிலிருந்து வெயிலுக்கும் வெயிலிலிருந்து நிழலுக்கும் மாறும்போது, ஒரு பக்கம் மட்டும் சூடாகிக் கம்பம் வளைய, முழுத் தொலைநோக்கியும் நடுங்கியது. 1993 டிசெம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று புதிய பலகைகளைப் பொருத்தினார்கள். அண்மைக்காலக் கரிநார்க் கம்பங்களும் முற்றாகத் தப்பவில்லை: சூரிய ஒளியின் அழுத்தத்தால் விண்கலத்தைத் தள்ளும் சூரியப் பாயொன்றை 2024 ஓகஸ்டில் நாசா விரித்தபோது, அதன் நான்கு 7 மீற்றர் கம்பங்களில் ஒன்று சற்று வளைந்தே காணப்பட்டது.

நேர்த்தியாக அசையாமல் நிற்க வேண்டுமானால் நாடாவை விட்டுச் சட்டகத்துக்குப் போக வேண்டும். 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் சுமந்து சென்ற 60 மீற்றர் கம்பம் அத்தகையது. சுமார் மூன்று மீற்றர் நீளமான உருளைக்குள் மடிந்திருந்து, 87 கட்டங்களாக ஒவ்வொன்றாய் வெளிவந்து பூட்டிக்கொண்டது. அதன் நுனியிலிருந்த ராடார் அன்ரெனாவும் ஓடத்திலிருந்த அன்ரெனாவும் சேர்ந்து நிலத்தின் உயரத்தை அளந்தன. கோணேசர் மலையும் துறைமுகத்தைச் சூழ்ந்த குன்றுகளும் அந்தப் பதினொரு நாள் அளவீட்டுக்குள் அடங்கியவை. அதுவும் ஒரு ரேப் பிடித்த வேலைதானே என்று ஒரு மாணவி சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அளவுநாடா என்ற முறையில் இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாடசாலையின் உருக்கு அளவுகோலுடன் ஒப்பிட்டபோது ஒரு மீற்றரில் கண்ணுக்குத் தெரியும் பிழை இல்லை. நுனிக் கொக்கி இலேசாக ஆடுவது பழுதல்ல. உள்ளளவிலும் வெளியளவிலும் கொக்கியின் தடிப்பைச் சரிக்கட்டவே அப்படி வைக்கிறார்கள். ஆனால் பூட்டு மோசம்: மூன்று மீற்றருக்கு மேல் இழுத்துப் பூட்டினால் மெல்ல மெல்ல வழுக்கி உள்ளே போகிறது. அதைவிட மோசம் கறள். வாடைக்காற்று தொடங்கி இரண்டு மாதத்துக்குள், வெட்டிய விளிம்புகளில் மட்டுமல்லாமல் கொக்கியின் ஆணியைச் சுற்றியும் செந்நிறம் படர்ந்துவிட்டது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கட்டட வேலை செய்பவர்கள் நைலோன் பூச்சுள்ள நாடாவுக்கு இன்னும் சில நூறு ரூபாய் கொடுப்பதே நல்லது.

மாதிரிக் கம்பமோ அன்ரெனாவோ செய்ய விரும்பும் பாடசாலைகளுக்கு 25 மில்லிமீற்றர் நாடாவைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். 19 மில்லிமீற்றரை எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம். வாங்கும்போது உறையைப் பிரித்து, இலக்கங்கள் மேலே இருக்க இரண்டு மீற்றர் நீட்டிப் பாருங்கள். விழுந்தால் அடுத்ததைக் கேளுங்கள். ஒரே அட்டையில் தொங்கிய மூன்று நாடாக்களில் ஒன்று 1 மீற்றர் 80 சென்ரிமீற்றரிலேயே மடிந்தது. அதைக் கடைக்காரரே பேசாமல் எடுத்துப் பின்னால் வைத்துவிட்டார். வெட்டும்போது தடித்த கையுறை அவசியம், ஏனெனில் மடித்த துண்டு கையை விட்டுத் துள்ளினால் விளிம்பு சவர அலகுபோல வெட்டும். என் இடது பெருவிரலில் அதன் அடையாளம் இன்னும் இருக்கிறது.