இரண்டு கோடை தாங்கிய ட்ரெயினிங் ஷூ: வேலூரிலிருந்து ஓர் அனுபவம்

கடையில் காலை நுழைத்ததும் பஞ்சு மாதிரி அமுங்கினால் நல்ல ஷூ என்று முடிவு கட்டிவிடுகிறோம். நடைக்கு அது சரி. கயிறு குதிப்பது, பெட்டி மேல் தாவி ஏறும் பாக்ஸ் ஜம்ப், படுத்தெழுந்து குதிக்கும் பர்பி, கைப்பிடி வைத்த குண்டைத் தூக்கும் கெட்டில்பெல், பக்கவாட்டில் பாய்ந்து சட்டென்று திரும்புவது என்று மூச்சு விட இடம் தராத பயிற்சிக்கு அந்த மெத்தென்ற தன்மை உதவாது. ஷூவுக்குள் கால் நகராமல் இருக்க வேண்டும், அதுதான் இதம். இரண்டு கோடையும் நடுவில் ஒரு மழைக்காலமும் ஒரே ஜோடியைப் போட்டு உழைத்த பிறகு இதை உறுதியாகச் சொல்கிறேன்.

நான் போவது சத்துவாச்சாரியில் ஷீட் கூரை போட்ட ஒரு சின்ன ஜிம். உள்ளே ரப்பர் மேட், பின்பக்கம் சிமென்ட் தளம். குதிப்பதும் ஓடுவதும் பெரும்பாலும் அந்தச் சிமென்ட்டில்தான். சத்துவாச்சாரி பளுதூக்குதலுக்குப் பேர்போன இடம். 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகள் இரண்டிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் இந்த ஊர்க்காரர். அதனால் இங்கே ஜிம்முக்கு வருகிற பையன்கள் பலர் குதிகால் உயர்ந்த, கட்டை மாதிரி கெட்டியான பளுதூக்கும் ஷூ வைத்திருப்பார்கள். எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டுக்கு அதைவிடச் சிறந்தது கிடையாது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கயிறு குதித்தால் ஒவ்வொரு அதிர்வும் நேராக முழங்காலுக்கு ஏறும். எல்லாவற்றுக்கும் ஒரே ஷூ என்று கேட்கிறவர்களுக்கு நடுவழியில் இருப்பது ட்ரெயினிங் ஷூ. ரீபாக் நானோ, நைக்கி மெட்கான் போன்றவை இந்த வகைக்குப் பேர் வாங்கித் தந்தவை. இப்போது இதைவிட மலிவாகவும் பல கம்பெனிகள் செய்கின்றன. நான் போடுவது அப்படி ஒரு நடுத்தர விலை ஜோடி, தள்ளுபடியில் ஐயாயிரத்துக்குள் முடிந்தது. கம்பெனி பேரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. மாடல்கள் வருஷத்துக்கு வருஷம் மாறுகின்றன. போன வருஷம் அகலமாக இருந்தது இந்த வருஷம் ஒடுங்கிவிடுகிறது. எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தால் எந்தக் கடையிலும் தேறிவிடலாம்.

ஓட்டத்துக்கான ஷூ ஏன் வேண்டாம் என்று ஜிம்மில் புதிதாகச் சேரும் எல்லாருமே கேட்கிறார்கள். ஓடும்போது கால் முன்னோக்கி மட்டுமே போகிறது. அதற்கேற்ப அடிப்பாகமான சோலை உயரமாக, மென்மையாக, நடுவில் இடுப்பு ஒடுங்கினாற்போலச் செய்கிறார்கள். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசமும் பல மாடல்களில் 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்தால் கால் சோலின் ஓரத்தைத் தாண்டி வழிகிறது, கணுக்கால் புரள்கிறது. கையில் எடை தூக்கி நின்றால் ஃபோம் ஒரு பக்கம் அதிகமாக நசுங்கி உடம்பே சாய்கிறது. ட்ரெயினிங் ஷூவில் இந்த வித்தியாசம் 4 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைவாக இருக்கும். சோல் தட்டையாக, அகலமாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கும். கடையில் போட்டதும் ‘என்ன, கல்லு மாதிரி இருக்கே’ என்று தோன்றும். ஒரு வாரம் பொறுத்தால் அந்த விறைப்பின் அருமை தெரிந்துவிடும். ஆனால் நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் இதை வாங்கிவிட்டுத் திட்ட வேண்டாம். கோட்டையைச் சுற்றி ஓரிரு சுற்று மெதுவாக ஓட நான் இதையே போடுகிறேன். அதற்கு மேல் ஓட ஓட்ட ஷூதான் சரி.

அகலத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊர்க் கால்களுக்கு அடிபடுகிற இடமே அதுதான். சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேலானவர்களின் பாதங்களை அளந்து பார்த்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட இந்தியப் பாதம் அகலமானது என்று அதில் தெரிந்தது. அதை வைத்து ‘பா’ என்ற தனி அளவு முறையையே பரிந்துரைத்திருக்கிறார்கள். கடைகளில் நமக்குக் கிடைப்பதோ வேறு தேசத்துக் காலுக்குச் செய்த அச்சில் தயாரான ஷூ. சுண்டுவிரல் பக்கம் நெரிகிறது என்று ஒரு எண் கூட்டி வாங்கினால் நீளம் 8 மில்லிமீட்டருக்கு மேல் கூடிவிடும், குதிகால் உள்ளே ஆடும். அரை எண் கூட்டினால் சுமார் 4 மில்லிமீட்டர். பலருக்கு அது போதும். அதைவிட நல்ல வழி, ஆண்கள் ஷூவில் 2ஈ என்று குறித்திருக்கும் அகல வகையைக் கேட்பது. பெண்கள் ஷூவில் அகல வகை நம் பக்கத்துக் கடைகளில் அபூர்வம். முன்பாதம் அகலமான பெண்கள் கூச்சப்படாமல் ஆண்கள் வரிசையில் யூ.கே. எண்ணைப் பார்த்துப் போட்டுப் பார்க்கலாம், குதிகால் மட்டும் தளர்கிறதா என்று கவனித்தால் போதும். என் ஜோடி அப்படி வாங்கியதுதான்.

வாங்கப் போவது சாயங்காலமாக இருக்கட்டும், நாள் முழுக்க நின்று நடந்து கால் கொஞ்சம் உப்பியிருக்கும். ஜிம்முக்குப் போடும் அதே சாக்ஸைக் கொண்டுபோங்கள். முதலில் ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். கால் ஓரம் வெளியே பிதுங்கினால் அந்த மாடல் உங்களுக்கு இல்லை. கடைக்காரர் ‘போடப் போட லூசாயிடும்’ என்று எவ்வளவு சொன்னாலும் வாங்காதீர்கள். மேலே இருக்கும் வலைத்துணியான மெஷ் கொஞ்சம் இளகும், அடியில் இருக்கும் அகலம் ஒருநாளும் அதிகமாகாது. நிற்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பிறகு ஷூவின் இரண்டு முனையையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் பாதவளைவுக்குத் தாங்கல் இல்லை. பின்பக்கக் குதிகால் கிண்ணத்தை இரண்டு விரலால் அழுத்தினால் எளிதில் குழியக் கூடாது. கடைசியாக, கடையிலேயே இடமும் வலமும் நாலு தாவு தாவுங்கள். யார் பார்த்தாலும் பரவாயில்லை.

நீடித்து உழைப்பது பற்றி நான் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி என் சித்தப்பா மகளிடமிருந்து. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், மேல்பாகத்தை அச்சில் இழுத்துப் பொருத்துகிற லாஸ்டிங் பிரிவில் இருக்கிறாள். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டித் தோலும் ஷூவுமாக வாழ்கிற சீமை இது. பழைய வடஆற்காட்டின் இன்னொரு மூலையான செய்யாறு சிப்காட்டில் நைக்கிக்கே ஷூ செய்து கொடுக்கிறார்கள். ஷூவை வாங்கிக்கொண்டு போய் அவளிடம் காட்டினேன். “அக்கா, மேல இருக்கிற டிசைன வுடு. இன்சோல உருவிட்டு உள்ள இன்னா தையல்னு பாரு” என்றாள். உள்ளே ஓரத்தைச் சுற்றி நெருக்கமாகத் தையல் ஓடியிருந்தது. மேல்பாகத்தையும் அடித்துணியையும் சேர்க்கிற இந்தத் தையலுக்கு ஸ்ட்ரோபல் என்று பெயர். அதற்கும் கீழே சோல் வெறும் பசையில்தான் நிற்கிறது, எவ்வளவு விலை கொடுத்தாலும் பெரும்பாலான விளையாட்டு ஷூக்களில் அப்படித்தான். ஒட்டும் இடத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்து, பசை தடவி, சூடுகாட்டி இளக்கி, அழுத்தி ஒட்டுகிறார்கள். “ஒட்டுன எடத்துல நகத்தால நெம்பிப் பாருக்கா. கோடாட்டம் பிரிஞ்சிருந்தா அத வாங்கவே வாங்காத.”

சூடுகாட்டி ஒட்டிய பசை சூட்டிலேயே விட்டுப்போகும் என்பதை வேலூரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியில் ஜிம் பையைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுடைய ஷூதான் எங்கள் ஜிம்மில் முதலில் வாய் பிளக்கிறது. நடுவில் இருக்கும் ஈ.வி.ஏ. ஃபோமும் கடும் சூட்டில் சுருங்கும். அது சுருங்கும்போது ஓரத்து ஒட்டை இழுக்கிறது. ஷூ எங்கே தூங்குகிறது என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் வண்டியில் வைப்பதில்லை, ஆபீசுக்குக் கையோடு எடுத்துப்போய் மேசைக்கு அடியில் வைத்துவிடுகிறேன். அப்படியும் இரண்டாவது கோடையில் வலது ஷூவின் முனையில் ஒட்டு விட ஆரம்பித்தது. பர்பியிலும் பிளாங்கிலும் விரல் முனை தரையை உதைத்துக்கொண்டே இருப்பதால் அங்கேதான் முதலில் விடும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் உட்காரும் செருப்புத் தைக்கிற பெரியவரிடம் கொடுத்தேன். “சொல்யூஷன் மட்டும் போட்டா தாங்காதும்மா. சுத்தித் தையல் போட்டுடறேன்” என்றார். போட்டுக் கொடுத்தார். ட்ரெயினிங் ஷூவில் ரப்பர் ஓரமாக மேலேறி மடிந்திருப்பதால் ஊசிக்குப் பிடி கிடைக்கிறது. உயரமான ஃபோம் வைத்த ஓட்ட ஷூவில் இந்தத் தையல் நிற்பது கஷ்டம். அதற்குப் பிறகு அந்த இடம் அசையவில்லை. ஒட்டு விடும்வரை காத்திராமல் முன்கூட்டியே முனையில் மட்டும் தையல் போட்டுக்கொள்ளலாம் என்பது என் கட்சி. கம்பெனி உத்தரவாதம் அதனால் போய்விடும் என்பதால் உத்தரவாதக் காலம் முடிந்ததும் செய்யுங்கள்.

மழைக்காலம் வேறு விதமாகப் படுத்தும். ஐப்பசி, கார்த்திகையில் வியர்வையில் நனைந்த ஷூ மறுநாள் காலைக்குள் காயாது. இன்சோலை உருவித் தனியாக வைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து ஃபேன் காற்றில் விட்டால் போதும். அடுப்பு மேடையோ வெயிலோ வேண்டாம். வாஷிங் மெஷினும் வேண்டாம். பழைய டூத்பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் தாராளம். எப்போதாவது போடலாம் என்று பீரோவில் பத்திரப்படுத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் சோல் காற்றின் ஈரத்தாலேயே உள்ளுக்குள் சிதைந்து ஒருநாள் பொடிப்பொடியாக உதிரும்.

பாதத்துக்கும் காலணிக்கும் உள்ள உறவை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த ஊர்களில் வேலூரும் ஒன்று. கொல்லிமலையில் பிறந்த எலும்பு மருத்துவர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். இங்கும் பக்கத்துக் கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் உணர்விழந்த பாதங்களை ஆராய்ந்தபோது அவர் கண்டது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் சின்னச் சின்ன அழுத்தமும் பாதத்தைப் புண்ணாக்கும் என்பது. மென்மையான நுண்துளை ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்புகள் இந்தப் பக்கத்தில்தான் அந்த நோயாளிகளுக்காக உருவாகிப் பரவின. உணர்வுள்ள கால் உடனே சொல்லிவிடுகிறது, நாம்தான் பல்லைக் கடித்துக்கொண்டு குதிக்கிறோம். ஒரு இடம் சூடாக, உரசலாகத் தெரிந்தால் அந்த நிமிஷமே நிறுத்தி லேஸை அவிழ்த்துக் கட்டுங்கள். மேலே கடைசியாக ஒரு துளை கூடுதலாக இருக்கும். லேஸை அதில் வளையமாக நுழைத்து எதிர்ப்பக்க லேஸை அதற்குள் விட்டு இறுக்கினால் குதிகால் எழும்பாது. என் குதிகால் கொப்புளம் இதில்தான் தீர்ந்தது. சாக்ஸ் முழுப் பருத்தியாக வேண்டாம், வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். செயற்கை இழை கலந்தது சீக்கிரம் காயும். சர்க்கரை நோயால் காலில் மரமரப்பு உள்ளவர்கள் ‘போடப் போடப் பழகிடும்’ என்று எந்த ஷூவையும் பழக்க வேண்டாம், மருத்துவரைக் கேட்டுவிட்டே இந்த வகைப் பயிற்சிக்கு வாருங்கள்.

இப்போது ஜோடியின் நிலைமை. அடி ரப்பர் முன்பாதத்தில் வழுவழுப்பாகிவிட்டது, வரிகள் மங்கிவிட்டன. ரப்பர் இல்லாமல் ஃபோம் மட்டும் தரையைத் தொடும் இடங்கள் சிமென்ட்டில் சீக்கிரம் கரைந்தன. அடியில் முழுக்க ரப்பர் இருக்கிற மாடலாகப் பாருங்கள் என்று சொல்ல அதுவே காரணம். சுண்டுவிரல் மடிப்பில் மெஷ் நூல் பிரிந்திருக்கிறது, ஓட்டை விழவில்லை. குதிகால் கிண்ணம் முதல் நாள் போலவே கெட்டி. ஃபோம்தான் சோர்ந்துவிட்டது: பக்கவாட்டில் சுருக்கக் கோடுகள் நிரந்தரமாகிவிட்டன, பாக்ஸிலிருந்து இறங்கும்போது அதிர்வு முன்னைவிடக் கூடுதலாக முழங்காலுக்கு வருகிறது. ஓட்ட ஷூவுக்கு 500 முதல் 800 கிலோமீட்டர் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். ஜிம்மில் கிலோமீட்டர் கிடையாது, அதனால் இந்தச் சுருக்கக் கோடுகளும் முழங்காலும்தான் அளவுகோல். மேலே பார்க்கப் புதிதாக இருக்கிறதே என்று குதிப்பதைத் தொடராதீர்கள்.

ஆகவே குதிப்புக்கு இதை நிறுத்திவிட்டு, எடை தூக்கும் நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அதற்கு இன்னும் வெகு காலம் வரும். அடுத்ததும் இதே வகை, இதே அகலம். இந்த முறை இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடப் போகிறேன். ஒன்று முழுக்கக் காய நேரம் கிடைக்கும், பசையும் ஃபோமும் தப்பிக்கும். பில்லை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அச்சு மசி வேலூர் வெயிலில் சில மாதத்தில் மறைந்துவிடுகிறது, உத்தரவாதக் காலத்துக்குள் சோல் விட்டால் பில் இருப்பவர்களுக்கே மாற்றித் தருகிறார்கள்.