சிடிஎன் எடுப்பதற்கு முன் பர்ஜ் வசதியைப் பாருங்கள்: ஃபாஸ்ட்லி, கிளவுட்ஃபிளேர், கிளவுட்ஃப்ரண்ட்

சிடிஎன் என்பது தளத்தின் பிரதிகளைப் பல ஊர் சர்வர்களில் வைத்து, பயனருக்கு அருகிலிருந்தே கொடுக்கும் சேவை. தலைப்பில் உள்ள மூன்றும் அப்படிப்பட்டவை. அங்கே தேங்கிய பழைய பிரதியை அழிப்பதுதான் பர்ஜ். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்தித் தளம், ஆவணத் தொகுப்பு, இருப்பு மாறிக்கொண்டே இருக்கும் கடை என்று பக்கங்கள் அடிக்கடி திருத்தப்படும் தளமாக இருந்தால் என் ஓட்டு ஃபாஸ்ட்லிக்கு. படமும் சிஎஸ்எஸ்ஸும் வேகமாகப் போனால் போதும் என்பவர்களுக்குக் கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டமே தாராளம். அவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எஸ்3 சேமிப்பகம், லோடு பேலன்சர் என எல்லாமே அமேசானில் இருக்கிறது, பில்லும் ஒரே இடத்தில் வரவேண்டும் என்பவர்கள் கிளவுட்ஃப்ரண்டிலேயே இருப்பார்கள். அதுவும் நியாயம்தான்.

வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணாடியிழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். சர்வர் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், கேபிள் நேர்கோட்டில் போனால்கூட, போய்வர 100 மில்லிவினாடி. டிசிபி இணைப்புக்கு ஒரு சுற்று, டிஎல்எஸ் 1.3 குறியாக்கத்துக்கு ஒன்று, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒன்று: முதல் பைட் வருவதற்குள் 300 காலி. எட்ஜ், அதாவது பயனருக்கு அருகில் இருக்கும் சிடிஎன் நிலையம், 10 மில்லிவினாடி தொலைவில் இருந்தால் அதே மூன்று சுற்றும் 30-இல் முடிந்துவிடும். இந்த லாபம் மூவரிடமும் கிடைக்கிறது. கிளவுட்ஃபிளேருக்கு 300-க்கும் மேற்பட்ட நகரங்களில் எட்ஜ் உண்டு. ஃபாஸ்ட்லி குறைந்த இடங்களில் பெரிய பெரிய நிலையங்களாக வைத்திருக்கிறது. எங்கோ மூலையில் இருக்கும் பயனருக்கு இதில் சில மில்லிவினாடி வித்தியாசம் வரலாம். பக்கம் எட்ஜில் இல்லாமல் மூல சர்வர் வரை போக நேர்ந்தால் அந்தச் சில மில்லிவினாடியை யாரும் கண்டுகொள்ளப் போவதில்லை.

படம், சிஎஸ்எஸ் போன்ற அசையாக் கோப்புகளைப் பற்றிப் பேச அதிகமில்லை. கோப்பின் பெயரிலேயே ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் குறி) வைத்து, மேக்ஸ்-ஏஜ் 31536000 (வைத்திருக்கும் காலம், வினாடியில்: ஒரு வருடம்), கூடவே இம்யூட்டபிள் (மாறாதது) என்று கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கோப்பு மாறினால் பெயரும் மாறும். எதையும் அழிக்க வேண்டியதில்லை. சிக்கல் எச்டிஎம்எல்லில்தான். அதன் முகவரி மாறாது, உள்ளடக்கம் மட்டும் மாறும்.

பலர் எச்டிஎம்எல்லுக்கு ஐந்து நிமிட டிடிஎல் (பிரதி செல்லுபடியாகும் காலம்) போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். முகப்புப் பக்கத்துக்கு அது ஓடும். ஆனால் ஒரு நிலையத்தில் மணிக்கு ஒருமுறை மட்டும் கேட்கப்படும் பழைய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஐந்து நிமிடத்தில் காலாவதி, அடுத்த வாசகர் வருவதோ ஒரு மணி நேரம் கழித்து. ஒவ்வொரு தடவையும் மிஸ்: எட்ஜில் பிரதி இல்லை, மூல சர்வர் வரை போகவேண்டும். எட்ஜ் இருந்தும் இல்லாதது போலத்தான். பெரும்பாலான உள்ளடக்கத் தளங்களில் பக்க எண்ணிக்கையில் பெரும்பகுதி இந்த வகை. டிடிஎல்லை ஒரு மாதம், ஒரு வருடம் என்று நீட்டினால்தான் இவை ஹிட் ஆகும். நீட்டுகிற துணிச்சல் எப்போது வரும்? தவறு ஒன்றைத் திருத்திய மறுநொடி, பழைய பிரதி உலகமெங்கும் போய்விடும் என்ற உத்தரவாதம் இருக்கும்போதுதான். அதனால்தான் பர்ஜைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பேசுகிறேன்.

ஒரு கட்டுரையின் தலைப்பைத் திருத்துகிறீர்கள். கட்டுரைப் பக்கம் மட்டுமா மாறவேண்டும்? முகப்பு, பிரிவுப் பக்கம், எழுதியவரின் பக்கம், அவற்றின் இரண்டாம் மூன்றாம் பக்கங்கள், ஆர்எஸ்எஸ், மொபைல் செயலி கேட்கும் ஜேசன், மற்ற கட்டுரைகளின் கீழே வரும் ‘இதையும் படிக்க’ பெட்டி. அத்தனை முகவரிகளையும் உங்கள் சிஎம்எஸ் (பக்கங்களை எழுதி வெளியிடும் மென்பொருள்) நினைவு வைத்துப் பட்டியல் போட வேண்டும். ஏதாவது ஒன்று விட்டுப்போகும். விட்டுப்போனது எது என்பதை வாசகர்தான் சொல்வார்.

ஃபாஸ்ட்லியில் இதற்குச் சரகேட்-கீ என்ற ஹெடர் (பதிலோடு சேர்ந்து போகும் குறிப்பு வரி). மூல சர்வர் பக்கத்தை அனுப்பும்போதே, அதில் இடம்பெற்றிருப்பவற்றின் அடையாளங்களை இடைவெளி விட்டு எழுதி அனுப்பும்: ‘கட்டுரை-4182 ஆசிரியர்-17 பிரிவு-6’ என்கிற மாதிரி. முகப்புப் பக்கம், தான் காட்டும் எல்லாக் கட்டுரைகளின் அடையாளங்களையும் சுமக்கும். கட்டுரை-4182-ஐ பர்ஜ் செய் என்று ஒரே ஒரு ஏபிஐ அழைப்பு. அந்த அடையாளம் ஒட்டியிருக்கும் பக்கமெல்லாம் உலகம் முழுக்கச் சுமார் 150 மில்லிவினாடியில் போய்விடும். முகவரி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பயனருக்குப் போகும் முன் இந்த ஹெடரை ஃபாஸ்ட்லியே உருவிவிடும். ஒரு அடையாளம் 1,024 பைட், மொத்த ஹெடர் 16,384 பைட் என்பது வரம்பு. 200 பொருள்கள் கொண்ட பட்டியல் பக்கத்தில் நீளமான அடையாளங்களை வைத்தால் வால் வெட்டுப்படும், வெட்டுப்பட்டவை பர்ஜ் ஆகாது. அடையாளங்களைக் குட்டியாக வையுங்கள்.

அழிப்பதற்குப் பதில் ‘பழசு’ என்று குறி மட்டும் வைக்கும் சாஃப்ட் பர்ஜும் உண்டு. ஸ்டேல்-வைல்-ரீவேலிடேட் கொடுத்திருந்தால், புதுப் பிரதி வந்து சேரும்வரை வாசகர் பழையதைப் பார்ப்பார், பின்னணியில் ஒரே ஒரு கோரிக்கை மூல சர்வருக்குப் போகும். கூட்டம் முண்டியடிக்கும் நேரத்தில் முகப்புப் பக்கத்தை முழுசாக அழித்துவிட்டு எல்லா நிலையங்களும் ஒரே நொடியில் மூல சர்வர் மேல் பாய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

இதிலும் குழிகள் உண்டு. முதலாவது, பர்ஜ் முந்திக்கொள்வது. டேட்டாபேஸில் திருத்தம் கமிட் ஆவதற்கு (உறுதியாகப் பதிவாவதற்கு) முன்போ, டேட்டாபேஸின் நகலான ரெப்ளிகாவுக்குத் திருத்தம் போய்ச் சேருவதற்கு முன்போ பர்ஜ் போய்விட்டால், எட்ஜ் வந்து பழைய பிரதியையே மறுபடி எடுத்துக்கொண்டு போகும், இந்த முறை ஒரு மாதத்துக்கு. எட்ஜுக்கும் மூல சர்வருக்கும் நடுவே ஷீல்டு நிலையம் வைத்திருந்தாலும் இதே கதை நடக்கும்: எட்ஜ் சுத்தமாகி, ஷீல்டு சுத்தமாகாத இடைவெளியில் கோரிக்கை நுழைந்துவிடும். கமிட் ஆன பிறகு ஒன்று, இரண்டு மூன்று வினாடி கழித்து இன்னொன்று என இரட்டை பர்ஜ் அனுப்புவதுதான் மருந்து. இரண்டாவது, பிரவுசர். அதன் கேஷை, அதாவது அது சேமித்து வைத்த பிரதிகளை, எந்த பர்ஜும் தொடாது. எட்ஜுக்கான நீண்ட காலத்தைச் சரகேட்-கன்ட்ரோல் ஹெடரில் கொடுத்து, பிரவுசருக்கு மேக்ஸ்-ஏஜ் 0 என்று பிரித்துவிட வேண்டும். மூன்றாவது, செட்-குக்கீ. எல்லாப் பக்கத்திலும் செஷன் குக்கீயைத் திணிக்கும் ஃப்ரேம்வொர்க் ஒன்று போதும், ஒரு பக்கம்கூட கேஷ் ஆகாது. எக்ஸ்-கேஷ் ஹெடரில் மிஸ் மிஸ் என்றே வந்தால் முதலில் இதைத் தேடுங்கள்.

கிளவுட்ஃபிளேரிடமும் கேஷ்-டேக் என்ற பெயரில் இதே வசதி உண்டு. வெகுகாலம் எண்டர்பிரைஸ் திட்டத்துக்கு மட்டும் என்றிருந்தது, 2025-இல் எல்லாத் திட்டங்களுக்கும் திறந்துவிட்டார்கள். இடைவெளி நன்றாகவே குறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இலவசத் திட்டத்தில் பர்ஜ் கோரிக்கைகளுக்கு வரம்பு இறுக்கம். நிமிடத்துக்குப் பல திருத்தம் போகும் தளத்துக்கு அது முட்டும். இன்னொன்று, எச்டிஎம்எல்லை அது தானாக கேஷ் செய்யாது. கோப்பின் நீட்டிப்பைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். கேஷ் ரூல் எழுதாதவரை சிஎஃப்-கேஷ்-ஸ்டேட்டஸ் ஹெடரில் டைனமிக் என்றுதான் வரும். சிடிஎன் போட்டும் தளம் வேகமாகவில்லை என்ற புலம்பலில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

கிளவுட்ஃப்ரண்டின் இன்வாலிடேஷன் (பர்ஜுக்கு அங்கே அதுதான் பெயர்) முகவரிப் பாதைகளை நம்பி நடப்பது. நட்சத்திரக் குறி பாதையின் கடைசியில் மட்டும்தான் வரலாம். ஒரே கட்டுரை பல கிளைகளில் சிதறிக் கிடக்கும்போது அதனால் பயனில்லை. மாதம் 1,000 பாதை இலவசம், அதற்கு மேல் பாதைக்குப் பாதை காசு. ஒரே நேரத்தில் நடப்பில் இருக்கக்கூடிய நட்சத்திரக் கோரிக்கைகளும் 15-தான். எதற்கு வம்பு என்று எல்லாரும் கடைசியில் ‘/*’ போட்டு மொத்தத்தையும் அழிப்பார்கள், ஹிட் விகிதம் தரைக்கு வரும்.

நம்பகத்தன்மையில் யாரும் யோக்கியர் இல்லை. 2019 ஜூலை 2-இல் கிளவுட்ஃபிளேரின் ஃபயர்வாலில் நுழைந்த ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துத் தொடர்களைத் தேடும் வாய்பாடு) உலகெங்கும் சிபியூவைத் தின்றது. 2021 ஜூன் 8-இல் வாடிக்கையாளர் ஒருவர் செய்த, முறைப்படி சரியான ஒரு மாற்றம் ஃபாஸ்ட்லியில் மறைந்திருந்த பிழையைக் கிளப்பி, நெட்வொர்க்கின் 85 சதவீதம் பிழைப் பக்கம் காட்டியது. 49 நிமிடத்தில் 95 சதவீதம் மீண்டது. ஆகவே எவர் விழுவார் என்று ஆராய்வதைவிட, விழும்போது எப்படி வெளியேறுவது என்று பாருங்கள். இங்கே டிஎன்எஸ் (தளப்பெயரைச் சர்வர் முகவரியாக மாற்றும் சேவை) முக்கியம். டிஎன்எஸ் வேறிடத்தில் இருந்து, தளப்பெயரை சிடிஎன்னுக்குத் திருப்பும் சிஎன்ஏம் பதிவின் டிடிஎல் 60 வினாடி என்றால், நிமிடக் கணக்கில் இன்னொரு சிடிஎன்னுக்குத் திருப்பலாம். கிளவுட்ஃபிளேரின் இலவச, ப்ரோ திட்டங்கள் டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே தங்களிடம் மாற்றச் சொல்கின்றன. டாட் காமில் நேம்சர்வர் பதிவுகளின் டிடிஎல் 1,72,800 வினாடி, அதாவது இரண்டு நாள். முழுசாக வெளியேற அவ்வளவு நேரம் ஆகலாம். 2025 நவம்பர் 18 கோளாறின்போது டாஷ்போர்டுக்குள்ளேயே பலரால் நுழைய முடியவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபாஸ்ட்லியின் குறைகளையும் மறைக்க வேண்டாம். அதன் அமைப்பு மொழியான விசிஎல் கற்றுக்கொள்ளாமல் அதன் முழுப் பயனை எடுக்க முடியாது, தனி ஆள் நடத்தும் வலைப்பூவுக்கு அது பெரிய சுமை. ஃபயர்வாலுக்குத் தனியாகக் காசு. கிளவுட்ஃபிளேரில் டிஎன்எஸ், சான்றிதழ், தாக்குதல் தடுப்பு எல்லாம் ஒரே மூட்டையாக வருவதை ஃபாஸ்ட்லியால் ஈடுகட்ட முடியாது. நேரலை வீடியோவுக்கு இந்தத் தீர்ப்பை அப்படியே நீட்ட மாட்டேன். அங்கே பர்ஜுக்கு வேலையே குறைவு, அலைவரிசை விலைதான் பேசும். சீனாவுக்குள் எட்ஜ் வேண்டும் என்றால் சீன அரசின் ஐசிபி பதிவு தேவைப்படும், அது முற்றிலும் வேறு தேர்வு.

கையெழுத்துப் போடும் முன் இரண்டு சோதனை. ஒரு பக்கத்துக்கு ஒரு வருட டிடிஎல் கொடுத்து, மூன்று கண்டங்களிலிருந்து கேட்டு ஹிட் ஆக்கி, உள்ளடக்கத்தை மாற்றி பர்ஜ் அனுப்பி, புதுப் பிரதி எத்தனை வினாடியில் வருகிறது என்று மூன்று இடத்திலும் பாருங்கள். அடுத்து, அதே பக்கத்தை டிடிஎல் காலாவதியான நிலையில் வைத்து, மூல சர்வரை 503 (சேவை இல்லை என்ற பிழை) கொடுக்கச் சொல்லுங்கள். வாசகருக்குப் பழைய பிரதியாவது போக வேண்டும். ஃபாஸ்ட்லியில் ஸ்டேல்-இஃப்-எரர் ஹெடர் மட்டும் வைத்திருந்தால் இதில் தோற்பீர்கள்: சர்வர் தொடர்பே அறுந்தால்தான் அது பழைய பிரதியை எடுக்கும், 503 என்பது அதன் கண்ணுக்கு ஒழுங்கான பதில். விசிஎல்லின் ஃபெட்ச் பகுதியில், பதில் 500 அல்லது அதற்கு மேல் இருந்து பழைய பிரதி கையில் இருந்தால் அதையே கொடு என்று ஒரு நிபந்தனை எழுதிவிட்டு மறுபடி சோதியுங்கள்.