ஏழு சீசன் டிராஃப்ட் ஆடிய பிறகு: பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களை நான் எடைபோடும் விதம்

இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக்குக்கு ஒரு ஃபேன்டஸி ஆட்டம் உண்டு: நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நாம் ஓர் அணி அமைக்கிறோம், அவர்கள் களத்தில் செய்வதற்கு நமக்குப் புள்ளி. அதில் ஆட்களை முறைவைத்து ஒவ்வொருவராகப் பொறுக்கும் டிராஃப்ட் வடிவம் 2017/18 சீசனில் வந்தது. நானும் ஏழு நண்பர்களும் அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கினோம். 2024/25 முடிய ஏழு சீசன் முழுதாக ஆடியாயிற்று, இப்போது எட்டாவது. அதற்கு முன்பு பட்ஜெட் வடிவத்தைச் சில வருடம் ஆடிய பழக்கம் எனக்கு உண்டு. அங்கே கற்ற கணக்கு இங்கே செல்லாது என்று புரியவே எனக்கு இரண்டு சீசன் போய்விட்டது. புதிதாக டிராஃப்ட் பக்கம் வருகிறவர்களுக்கு அந்த இரண்டு சீசன் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பட்ஜெட் வடிவத்தில் 100 மில்லியன் பவுண்டுக்குள் 15 பேரை வாங்கவேண்டும். சாலா மாதிரி ஒரு நட்சத்திரம் எல்லார் அணியிலும் இருக்கலாம், அவரையே கேப்டனாகப் போட்டு புள்ளியை இரட்டிப்பாக்கலாம். டிராஃப்டில் விலையும் கிடையாது, கேப்டனும் கிடையாது. ஓர் ஆட்டக்காரரை நம்மில் ஒருவர் எடுத்துவிட்டால் மற்ற ஏழு பேருக்கும் அவர் இல்லை, அவ்வளவுதான். தேர்வு வரிசை பாம்பு மாதிரி வளைந்து வரும். எட்டுப் பேர் லீக்கில் முதல் இடம் கிடைத்தவருக்கு 1, அப்புறம் 16, 17. கடைசி இடக்காரருக்கு 8, 9 அடுத்தடுத்து, பிறகு 24, 25. முதலிடத்தில் இருந்தால் ஒரு பெரிய ஆளை எடுத்துவிட்டு, பதினான்கு பெயர்கள் கண்முன்னே போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்பில்தான் டிராஃப்டின் முதல் பாடம் இருக்கிறது. ஓர் ஆட்டக்காரர் எத்தனை புள்ளி எடுப்பார் என்பது பாதிக் கேள்விதான். அவரை விட்டுவிட்டால் அதே இடத்துக்கு யார் மிஞ்சுவார் என்பது மறு பாதி. எங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் 2 கோல்கீப்பர், 5 டிஃபெண்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்ட் எடுக்கவேண்டும். எட்டுப் பேருக்குமாகச் சேர்த்தால் டிஃபெண்டர் 40, ஃபார்வர்ட் 24. லீக்கில் இருப்பவை 20 அணிகள். ஒவ்வோர் அணியிலும் நான்கு டிஃபெண்டர் வழக்கமாக இறங்குகிறார்கள் என்று வைத்தால் 80 பேர், அதில் பாதி நம் டிராஃப்ட் முடிந்த பிறகும் வெளியே கிடப்பார்கள். ஃபார்வர்ட் கதை நேர்மாறு. பெரும்பாலான அணிகள் ஒரே ஒருவரை வைத்துத்தான் ஆடுகின்றன. 24 பேரை எடுப்பதற்குள் வாராவாரம் முதல் பதினொன்றில் இறங்கும் ஃபார்வர்ட்கள் தீர்ந்துபோவார்கள், கடைசி ஆள் பெஞ்சிலிருந்து இருபது நிமிடம் வருகிறவராக இருப்பார்.

உதாரணத்துக்கு, 170 புள்ளி தரக்கூடிய ஒரு மிட்ஃபீல்டரும் 140 தரக்கூடிய ஒரு ஃபார்வர்டும் முன்னால் இருக்கிறார்கள். டிராஃப்ட் முடிந்தபின் மிஞ்சும் மிட்ஃபீல்டர் 110 தருவார், மிஞ்சும் ஃபார்வர்ட் 60 தருவார் என்றால் எனக்கு ஃபார்வர்ட்தான் வேண்டும். வித்தியாசம் 60-க்கு 80. பணம் கட்டி வாங்கிய ஒரு கணிப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு முதல் இரண்டு வருடமும் மொத்தப் புள்ளி வரிசையிலேயே ஆள் எடுத்தேன். இரண்டு வருடமும் மிட்ஃபீல்டில் ஆள் நிறைந்து வழிந்தது, முன்வரிசையில் ஆடவே ஆள் இல்லை.

விதிவிலக்கு உண்டு. லிவர்பூலில் அலெக்சாண்டர்-ஆர்னல்ட் 2018/19-ல் 12 அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்), அடுத்த சீசனில் 13 கொடுத்தார். டிஃபெண்டராக இருந்துகொண்டு அப்படிச் செய்கிறவரை இரண்டாம் சுற்றிலேயே எடுக்கலாம். அந்த மாதிரி ஆள் கண்ணில் படாவிட்டால் எட்டாம் சுற்றுக்கு முன் நான் டிஃபெண்டர் பக்கம் போவதில்லை.

சரி, ஆளை எடைபோடுவதற்கு வருவோம். என் தாளில் முதல் கட்டம் ஆடிய நிமிடங்கள். ஒரு சீசன் என்பது 38 ஆட்டம், 3,420 நிமிடம். 60 நிமிடத்தைத் தொட்டால் 2 புள்ளி, அதற்குக் குறைந்தால் 1. டிஃபெண்டருக்கும் கீப்பருக்கும் கிளீன் ஷீட்டுக்கான, அதாவது அணி கோல் வாங்காமல் இருந்ததற்கான, 4 புள்ளியும் அதே 60 நிமிடத்தைத் தொட்டால்தான். வேறெதுவும் செய்யாமல் 30 ஆட்டம் இறங்கி நின்றாலே 60 புள்ளி. அடுத்தடுத்து இரண்டு சீசன் 2,500 நிமிடத்தைத் தாண்டியவர் என் தாளில் தானாகவே மேலே போய்விடுவார். "90 நிமிடத்துக்கு இத்தனை கோல்" என்ற கணக்கை நம்பி மாற்று ஆட்டக்காரர்களை எடுக்காதீர்கள். களைத்துப்போன டிஃபென்ஸுக்கு எதிராகக் கடைசி இருபது நிமிடத்தில் வந்து அடிக்கும் கோல் வேகத்தை முழு ஆட்டத்துக்கும் நீட்டிப் பார்ப்பது தப்பான பெருக்கல்.

அடுத்தது உடல்நிலை. இதில் நான் செய்த இரண்டு தவறுகளைச் சொல்லியே ஆகவேண்டும், இரண்டும் ஒரே எண்ணிலிருந்து வந்தவை. 2023 ஆகஸ்டில் மான்செஸ்டர் சிட்டியின் டி பிரூய்னை இரண்டாம் சுற்றில் எடுத்தேன். அப்போது அவருக்கு 32 வயது. அதைப் பற்றி யோசித்தேன், அசிஸ்ட் எண்ணிக்கையைப் பார்த்துச் சமாதானமானேன். நான் பார்க்காமல் விட்டது வேறு. அதே ஜூன் மாதம் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் அவர் தொடைத் தசைக் காயத்தோடு பாதியில் வெளியேறியிருந்தார். சீசனின் முதல் ஆட்டம், ஆகஸ்ட் 11, பர்ன்லியில். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அதே தொடைத் தசைப் பிரச்சினையில் வெளியே போனார். ஜனவரி வரை வரவில்லை. தகவல் எல்லார் கண்முன்னாலும் இருந்தது, நான்தான் அதற்கு என் தாளில் ஒரு கட்டம் வைத்திருக்கவில்லை.

அந்தச் சூட்டோடு அடுத்த ஆண்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். 2024 ஆகஸ்டில் நாட்டிங்ஹாம் ஃபாரெஸ்ட்டின் கிறிஸ் வுட் பத்தாம் சுற்று வரை யாரும் எடுக்காமல் இருந்தார். அவருக்கும் 32 வயது. வேண்டாம் என்று தாண்டிப் போனேன். முந்தைய சீசனில் அவர் 14 கோல் அடித்திருந்ததும், அந்த அணியின் தாக்குதல் அவரை நோக்கியே முடிந்ததும் தாளில் இருந்தன. வயதைப் பார்த்த கண் அவற்றைப் பார்க்கவில்லை. அந்த சீசனில் அவர் 20 கோல் அடித்தார், எனக்கு அடுத்துத் தேர்வு வந்த நண்பனின் அணிக்காக. இப்போது என் தாளில் வயதுக்கு இடமில்லை. கடந்த இரண்டு ஆண்டில் தசைக் காயம் எத்தனை முறை, அதே இடத்தில் மறுபடி வந்ததா என்ற இரண்டு கேள்வி மட்டும் இருக்கிறது. எலும்பு முறிவையும் மோதலில் வந்த காயத்தையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, திரும்பத் திரும்ப வரும் தசைக் காயத்துக்கு இரண்டு சுற்றுக் கீழே இறக்கிவிடுவேன்.

பெனால்டி யார் அடிப்பார் என்பது மலிவாகக் கிடைக்கும் தங்கம். நான்கு பெனால்டியில் மூன்றுக்கு மேல் கோலாகிறது, அந்தப் பொறுப்பு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போது டிராஃப்ட் பட்டியல்கள் அதைக் கவனிக்கத் தாமதமாகிறது. 2024 ஆகஸ்ட் இறுதியில் இவான் டோனி பிரென்ட்ஃபோர்டை விட்டு சவூதிக்குப் போனார், பெனால்டி எம்பேமோவிடம் வந்தது, அந்த சீசனில் எம்பேமோ 20 கோல். எங்கள் லீக்கில் அவரை ஆறாம் சுற்றில் எடுத்தது நான் என்பதில் இன்றும் சந்தோஷம். டோனி கிளம்பிவிடுவார் என்ற பேச்சு கோடை முழுக்க இருந்தது, அதைப் படித்து எழுதி வைத்திருந்தேன்.

பால்மர் விஷயத்தில் அந்தக் கவனம் எனக்கு இல்லை. 2023 செப்டம்பர் 1 அன்று மான்செஸ்டர் சிட்டியிலிருந்து செல்சிக்கு மாறினார், எங்கள் டிராஃப்டில் யாரும் தொடாத ஆள். வேவரில், அதாவது யாரும் எடுக்காமல் மிஞ்சியவர்களிலிருந்து வாராவாரம் ஆள் மாற்றிக்கொள்ளும் முறையில், கிடந்தார். அவருடைய பழைய நிமிடங்களைப் பார்த்து, குறைவு என்று விட்டுவிட்டேன். சிட்டியில் அவருக்கு இடம் கிடைக்காததற்கும் அவர் திறமைக்கும் சம்பந்தமில்லை. அதே ஆகஸ்டில் கம்யூனிட்டி ஷீல்டிலும் சூப்பர் கப்பிலும் சிட்டிக்காக கோல் அடித்திருந்தார். ஆள் கிளப் மாறினால் பழைய நிமிடக் கணக்கை அழித்துவிட்டு, புது இடத்தில் அவருக்குப் போட்டி யார் என்று புதிதாக எழுதவேண்டும். எங்களில் கடைசி இடத்தில் இருந்த நண்பன் அவரை எடுத்தான். சீசன் முடிவில் 22 கோல், 11 அசிஸ்ட், அதில் 9 கோல் பெனால்டி. "ஒரு வாரம் சும்மா எடுத்துப் பாப்போம்னுதான்டா எடுத்தேன்" என்று அவன் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. பட்டியலில் கீழே இருக்கிறவர்களுக்கு வேவரில் முதல் வாய்ப்பு வருவது இந்த ஆட்டத்தின் நல்ல விதி.

ஆட்டக்காரருக்கு விளையாட்டு கொடுத்திருக்கும் பிரிவும் அவர் களத்தில் நிற்கும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. 2019/20-ல் ஷெஃபீல்ட் யுனைடெட்டின் லண்ட்ஸ்ட்ராம் டிஃபெண்டர் பட்டியலில் இருந்தார், ஆடியது மிட்ஃபீல்டில். டிஃபெண்டர் கோலுக்கு 6 புள்ளி, மிட்ஃபீல்டர் கோலுக்கு 5, ஃபார்வர்ட் கோலுக்கு 4. பர்ன்லிக்கு எதிராக 3-0 என்று ஜெயித்த ஆட்டத்தில் அவர் இரண்டு கோல் போட்டார். கோலுக்கு 12, கிளீன் ஷீட்டுக்கு 4, ஆடியதற்கு 2, போனஸ் வருவதற்கு முன்பே 18. ஆகஸ்டில் நட்பு ஆட்டங்களை நான் பார்ப்பது இதற்காகத்தான். யார் ஜெயித்தார் என்பது எனக்குத் தேவையில்லை, யார் எங்கே நின்றார் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

எக்ஸ்ஜி, அதாவது கிடைத்த வாய்ப்புகளுக்கு எத்தனை கோல் வந்திருக்கவேண்டும் என்ற கணிப்பு, அதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு சீசன் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் உதவும், நான்கைந்து ஆட்டத்துக்குப் பார்த்தால் ஏமாற்றும். பெனால்டியைக் கழித்துவிட்ட எண்ணைப் பாருங்கள், அது போதும்.

2025/26-ல் வந்த விதி மாற்றம் என் தாளையே திருத்த வைத்தது. ஒரு டிஃபெண்டர் ஓர் ஆட்டத்தில் கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டேக்கிள் எல்லாம் சேர்த்து 10 செய்தால் 2 புள்ளி. மிட்ஃபீல்டருக்கும் ஃபார்வர்டுக்கும் பந்தை மீட்டதையும் சேர்த்து 12. இதுவரை கிளீன் ஷீட் வராத அணியின் சென்டர்-பேக்கை யாரும் சீண்டமாட்டார்கள். இப்போது எவர்ட்டனின் டார்கோவ்ஸ்கி மாதிரி நாள் முழுக்கப் பந்தை வெட்டித் தள்ளுகிறவர் தோற்ற ஆட்டத்திலும் புள்ளியோடு வருகிறார். முன்னேறிச் சென்று கிராஸ் போடும் ஃபுல்-பேக்குக்கு இருந்த மவுசு கொஞ்சம் குறைந்திருக்கிறது. எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது, தடுப்பவனின் உழைப்புக்குக் கூலி கிடைத்தது நியாயம்.

டிராஃப்ட் எந்த நாளில் வைக்கிறோம் என்பதும் ஆளை எடைபோடுவதில் சேரும். 2023-ல் நாங்கள் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே வைத்துவிட்டோம். ஒரு நண்பன் முதல் சுற்றில் டாட்டன்ஹாமின் ஹாரி கேனை எடுத்தான், முந்தைய சீசனில் 30 கோல் அடித்தவர். ஆகஸ்ட் 12 அன்று அவர் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்குக்குப் போய்விட்டார். அவன் அந்த வருடம் எழவே இல்லை. அப்போதிருந்து முதல் ஆட்டத்துக்கு முந்தைய இரவுதான் எங்கள் டிராஃப்ட். ஆப்பிரிக்கக் கோப்பை இருக்கும் சீசனா என்பதையும் பாருங்கள். கடைசியாக நடந்தது 2025 டிசம்பர் 21 முதல் ஜனவரி 18 வரை மொராக்கோவில். எகிப்தின் சாலா, கேமரூனின் எம்பேமோ இருவரையும் ஒரே அணியில் வைத்திருந்தால் அந்த வாரங்களில் பெஞ்ச் தாங்கவேண்டும்.

டிராஃப்ட் இரவன்று 1 முதல் 120 வரை எண் போட்ட பட்டியல் எனக்கு உதவியதே இல்லை. இப்போது ஒவ்வொரு பிரிவிலும் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக எழுதுகிறேன். இந்த ஐந்து மிட்ஃபீல்டரும் எனக்கு ஒன்று, அடுத்த ஏழு பேர் ஒன்று, இப்படி. ஒரு கூட்டத்தில் ஐவரும் மிஞ்சியிருந்தால் பொறுக்கலாம். ஃபார்வர்ட் கூட்டத்தில் ஒருவர்தான் மிச்சம் என்றால் இந்தச் சுற்றிலேயே எடுக்கவேண்டும். கடிகாரம் ஓடும்போது பதற்றமில்லாமல் முடிவெடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கோல்கீப்பரைக் கடைசி மூன்று சுற்றுக்குத் தள்ளுங்கள், 16 பேர் போனாலும் நாலு பேர் மிஞ்சுவார்கள். கீழ்ப் பிரிவிலிருந்து ஏறி வரும் மூன்று அணிகளை எங்கள் லீக்கில் இன்னும் யாரும் ஒழுங்காகப் படிப்பதில்லை. அடுத்த ஆகஸ்டுக்கான தாளில் அந்த மூன்று வரிசையைத்தான் முதலில் திறந்திருக்கிறேன்: பெனால்டி யார், கார்னர் யார், போன சீசனில் 40 ஆட்டம் இறங்கியவர் யார்.